நடுவிலிருந்த மூன்று எண்கள்

கொதிகலன் பிரிவின் பழைய நீராவி அளவி அடுத்த மாதம் கழற்றப்படுகிறது. அதன் இடத்தில் வர்க்கமூலம் எடுக்கத் தேவையில்லாத புதிய கருவி வருகிறது. துறையின் கையேட்டில் சேர்ப்பதற்காகப் பழையதைப் பற்றி ஏதேனும் எழுதித் தர வேண்டும் என்று கருவியியல் துறையின் இளம் பொறியாளர்கள் மூவர் குன்றத்தூருக்கு வந்து கேட்டபோது நான் மறுத்தேன். ஓர் எஃகுத் தட்டுக்கு இரங்கலுரை எழுத எனக்கு விருப்பமில்லை என்றேன். அவர்கள் காப்பி குடித்துவிட்டு மரியாதையாக எழுந்து போனார்கள். ஒரு மாதம் கழித்து நானே அவர்களைத் தொலைபேசியில் அழைத்து எழுதுகிறேன் என்றேன். இடையில் நடந்தது கட்டுரையின் இறுதியில் வரும்.

நீங்கள் அறிந்ததைத்தான் முதலில் சொல்கிறேன். அறியாதவர் கையிலும் இது கிடைக்கக்கூடும். நீராவி செல்லும் பெரிய குழாயின் குறுக்கே, நடுவில் துளையிட்ட எஃகுத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. தட்டுக்கு முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு. இரு பக்கங்களிலிருந்தும் விரல் பருமனுள்ள சிறு குழாய்கள் ஒரு டிரான்ஸ்மிட்டருக்கு வருகின்றன. அது அழுத்த வேறுபாட்டை அளந்து கட்டுப்பாட்டு அறைக் கணினிக்கு அனுப்புகிறது. நீராவி இரு மடங்கானால் வேறுபாடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆகவே வேறுபாட்டிலிருந்து நீராவியை அறிய வர்க்கமூலம் எடுத்தாக வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் வாகனங்களுக்கான ரப்பர் உறுப்புகளை அச்சுகளில் வேகவைக்க மணிக்குப் பதினாறு டன் வரை நீராவி வேண்டும். அளவியின் உச்ச எல்லையும் பதினாறு டன். இந்த எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

நான் முதுகலைப் பொறியியல் பட்டமும் ஒரு பதக்கமும் பெற்றபின் இங்கே நேர்காணலுக்கு வந்தேன். எதிரே இருந்தவர் வேதநாயகம் சார், துறைத் தலைவர், பாளையங்கோட்டைக்காரர். என் சான்றிதழ்களைத் திறக்கவில்லை. பச்சைக் கோடிட்ட வரைபடத்தாள் ஒன்றையும் கூராகச் சீவிய பென்சிலையும் என் பக்கம் நகர்த்தினார்.

"ரூட் எக்ஸ் வரையும்."

வரைந்தேன். பூஜ்ஜியமாகிய சுழியில் தொடங்கி, முதலில் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழுந்து, பிறகு மெல்ல மெல்லச் சாய்ந்து செல்லும் வளைவு. சார்பகம், அதாவது உள்ளே இடத்தக்க எண்கள், சுழியும் அதற்கு மேற்பட்டவையும். வீச்சகம், அதாவது வெளியே வரத்தக்க எண்கள், அவையும் அப்படியே. இரண்டையும் கீழே எழுதிக் கொடுத்தேன்.

"இடது பக்கம் ஏன் காலியா கெடக்கு?"

"குறை எண்ணுக்கு மெய்யான வர்க்கமூலம் கிடையாது சார். அங்கே சார்பு வரையறுக்கப்படவில்லை."

"உம்ம புஸ்தகத்துல கிடையாது. இங்க உண்டு. ஒரு நாள் ஃபிட்டர் ரெண்டு டியூபையும் மாத்திக் கட்டிருவான். வேறுபாடு மைனஸ்ல போகும். கம்ப்யூட்டர் ஸீரோன்னு காட்டும். நீராவி பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். ஸீரோன்னு நம்பி எவனாவது போல்ட்டைக் கழத்தினான்னா கை வெந்துரும். இடது பக்கத்துல ஒண்ணுமில்லன்னு சொல்லாதீரும். ஆள் நிக்கிற இடம்வே அது."

வேலை கிடைத்தது. பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். வால்வுகளின் பெயர்களையும், என் பதக்கம் எதற்கும் பயன்படாது என்பதையும் அவ்விரண்டு ஆண்டுகளில் கற்றேன்.

வேதநாயகம் சார் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தக் கருவியைத் தொடும் முன்பும் மூன்று கேள்விகள் கேட்பார்: உள்ளே என்ன போகலாம், வெளியே என்ன வரலாம், கோடு எப்படிப் போகும். ஒரு மழைக்காலத்தில் அளவி, நீராவி ஓடிக்கொண்டிருக்கையிலேயே சுழியைக் காட்டியது. சிறு குழாய்களுள் ஒன்றில் நிற்க வேண்டிய நீர் வடிந்துபோயிருந்தது. அதனால் உண்மையான வேறுபாட்டில் மூன்று அலகு எப்போதும் குறைந்தே அளவிக்குத் தெரிந்தது. சார் என்னைக் கூப்பிட்டார்.

"ரூட்டுக்குள்ள இப்ப என்ன இருக்கு?"

"எக்ஸ் இல்லை சார். எக்ஸிலிருந்து மூன்று கழிந்தது இருக்கிறது."

"அப்ப கோடு எங்க தொடங்கும்?"

"மூன்றில்."

"மூணுக்குக் கீழ ஓடுற நீராவி?"

"தெரியாது சார்."

"இல்லைன்னு சொல்லாம தெரியாதுன்னு சொன்னீரே. சந்தோசம்." அன்று மாலை எனக்கு அவர் செலவில் ஒரு முட்டை பப்ஸ் கிடைத்தது. அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் யாரும் பெற்றதில்லை.

அளவியைச் சோதிக்க அவர் வகுத்த முறை ஐந்து புள்ளிகள் கொண்டது. கைப்பம்பு ஒன்றால் டிரான்ஸ்மிட்டருக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும்: முழு எல்லையில் சுழி, கால், அரை, முக்கால், முழுமை, பிறகு அதே வழியில் இறங்க வேண்டும். ஒருவர் அளவியருகே பம்புடன் நிற்பார். மற்றவர் கட்டுப்பாட்டு அறையில் கணினித் திரையின் முன் நின்று, தெரியும் எண்ணை வாக்கி டாக்கியில் சொல்வார். ஒரு விதியை அவர் எவருக்கும் தளர்த்தியதில்லை. திரையின் முன் நிற்பவருக்கு என்ன எண் வரவேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் கண் அதைத்தான் பார்க்கும் என்பார். சோதனைத்தாளை எழுதிக் கொடுத்தால் அன்றே படிப்பார். ஐயத்துக்குரிய எண்ணின் அருகே பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்து, ஒன்றும் பேசாமல் திருப்பித் தருவார். அந்தப் புள்ளிக்கு நாங்கள் அஞ்சினோம்.

திரையின் முன் நிற்க அவர் விரும்பிக் கேட்ட ஆள் ஏகாம்பரம். கொதிகலன் பிரிவின் பகல் ஷிஃப்ட் ஆபரேட்டர், வல்லம் வடகாலைச் சேர்ந்தவர். குடும்பத்தின் இரண்டு ஏக்கர் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் காண்டிராக்டில் சேர்ந்து, ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து நிரந்தரமானவர். பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறவில்லை என்பதை ஒரு பட்டம்போல் சொல்லிக்கொள்வார். "எட்டு புள்ளி சைபர் ஒண்ணு... இரு சார், ஆடுது... சைபர் ரெண்டு. நின்னுச்சி" என்று அவர் வாக்கி டாக்கியில் சொல்லும்போது, அந்த எண்ணை அவர் பார்க்கிறார் என்பதில் எவருக்கும் ஐயம் வராது.

அவருடைய அன்றாடப் பணிகளுள் ஒன்று, மணிக்கொரு முறை இருபத்திரண்டு இரும்புப் படிகள் இறங்கி, கொதிகலனுக்குச் செல்லும் நீரின் அளவைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது. ஒரு கண்ணாடிக் குழாய். அதனுள் ஏறி இறங்கும் மிதவை. பக்கத்தில் டன் கணக்கில் கோடுகள். வர்க்கமூலம் எதுவும் அதற்குத் தேவையில்லை. உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீராவியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நீரைவிட நீராவி அதிகமாக இருக்க வழியே இல்லை.

இனி என் தவறு. ஒரு நண்பகலில் பழைய டிரான்ஸ்மிட்டர் செயலிழந்தது. பன்னிரண்டு அச்சு எந்திரங்கள் நீராவிக்காக நின்றன. உற்பத்திப் பிரிவிலிருந்து ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஆள் வந்தது. வேதநாயகம் சார் அன்று விடுப்பில் இருந்தார். கிடங்கிலிருந்து புதிய டிரான்ஸ்மிட்டரை எடுத்துப் பொருத்தினேன். பழையது வேறுபாட்டை அப்படியே அனுப்பும். வர்க்கமூலத்தைக் கணினி எடுக்கும். புதியது விரும்பினால் தானே வர்க்கமூலம் எடுக்கவல்லது. அளப்பது நீராவி என்ற நினைப்பில், அதை எடுக்கும்படி நான் அமைத்துவிட்டேன். கணினி முன்போலவே எடுத்துக்கொண்டிருந்தது. ஆக, ஒரே எண்ணுக்கு இருமுறை வர்க்கமூலம்.

ஏகாம்பரம் திரையின் முன் நின்றார். சுழி அழுத்தம் கொடுத்தேன். "சைபர் சார்." முழு அழுத்தம் கொடுத்தேன். "பதினாறு. சுத்தமா கீது." பம்பைக் கழற்றத் தொடங்கினேன். வாக்கி டாக்கி மீண்டும் ஒலித்தது.

"சார், நடுவுல மூணு கீதே?"

"அது சரியாத்தான் இருக்கும். நீராவி லைனைத் திற."

"சாரு வந்தா கேப்பாரு."

"திறன்னா திற."

திறந்தார். நான் மேசைக்குப் போய், நடுவிலிருந்த மூன்று கட்டங்களிலும் 8.00, 11.31, 13.86 என்று எழுதிக் கையொப்பமிட்டேன். முழு எல்லை பதினாறு என்றால் கால் பங்கின் வர்க்கமூலம் அரை, அதாவது எட்டு. அரையின் மூலமும் முக்காலின் மூலமும் அவ்வாறே. எனக்கு அந்த வளைவு தெரியும். இரு முனைகளும் சரியாக இருந்தன. இடையில் அது வேறெங்கே போகும் என்று நினைத்தேன். சுழிக்கு எத்தனை முறை மூலம் எடுத்தாலும் சுழிதான், ஒன்றுக்கு எத்தனை முறை எடுத்தாலும் ஒன்றுதான் என்பதை ஒரு பள்ளி மாணவன் அறிவான். அவ்விரு முனைகளையும் தொட்டுச் செல்லும் வளைவுகள் பல என்பதை நானும் அறிந்திருந்தேன். அந்த நண்பகலில் அறிய விரும்பவில்லை. கால் பங்கு அழுத்தத்தைக் கொடுத்திருந்தால் திரை எட்டைக் காட்டியிராது; பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஏகாம்பரம் அதைச் சொல்லியிருப்பார். வேலை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மறுநாள் வந்த சார் தாளைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் அவருக்குத் தணிக்கை வேலை நிறைய இருந்தது. புள்ளி எதுவும் வரவில்லை.

ஆறு மாதம் யாரும் எதையும் கவனிக்கவில்லை. ஆலை முழு வேகத்தில் ஓடியது. பதினைந்து டன் நீருக்குத் திரை பதினைந்தரை டன் நீராவி காட்டியது. அரை டன்தானே என்று விட்டார்கள். பிறகு வாகன விற்பனை படுத்துவிட்டது. அச்சு எந்திரங்கள் பாதிக்கு மேல் நின்றன. நீராவித் தேவை குறையக் குறைய, பதிவேட்டில் இடைவெளி விரிந்தது. நான்கு மாதம் கழித்து, ஆண்டுச் சோதனைக்காகக் கொதிகலன் குளிர்விக்கப்பட்டிருந்த வாரத்தில், ஆலை மேலாளர் பதிவேடுகளைப் புரட்டினார். ஏகாம்பரத்தின் ஷிஃப்டில் நான்கு டன் நீர், எட்டு டன் நீராவி என்று இருந்தது. மற்ற இரு ஷிஃப்டுகளில் நீரும் நீராவியும் அழகாக ஒத்துப்போயின. அவ்விரு ஆபரேட்டர்களும் படி இறங்காமல், திரையில் கண்ட நீராவி எண்ணையே நீரின் கட்டத்திலும் எழுதிவந்தார்கள் என்பது பின்னர் தெரிந்தது. அன்று பார்த்தவருக்கு, தவறாக எழுதியவர் ஒருவர்தான் எனத் தோன்றியது.

பொய்ப் பதிவு என்று ஏகாம்பரத்துக்குக் குற்றப்பத்திரம் கொடுத்தார்கள். அது நிரூபணமானால் பணிநீக்கம். பொய்ப் பதிவுக்காக வெளியேற்றப்பட்ட ஆபரேட்டரை ஒரகடத்திலிருந்து மறைமலை நகர் வரை எந்தக் கொதிகலன் அருகிலும் நிற்க விடமாட்டார்கள். கொதிகலன் குளிர்ந்து கிடந்ததால் இறங்கிப் போய் மிதவையைப் பார்க்கவும் வழியில்லை. காகிதம் மட்டுமே சாட்சி.

விசாரணைக்கு முந்திய நாள் வேதநாயகம் சார் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஏகாம்பரத்தின் பதிவேடு, பச்சைத் தாள், பென்சில்.

"நான் வாசிக்கேன். நீர் புள்ளி வையும். தண்ணி கீழ்க்கோட்டுல, நீராவி பக்கக்கோட்டுல. பதினஞ்சு, பதினஞ்சரை."

வைத்தேன்.

"பன்னெண்டு புள்ளி ரெண்டு, பதினாலு. ஒம்பது, பன்னெண்டு. ஆறு புள்ளி மூணு, பத்து."

நான்காவது புள்ளியை வைத்தபோது என் கை நின்றது. அவர் நிறுத்தவில்லை. "நாலு, எட்டு" என்றார். நாற்பது புள்ளிகள் வைத்தபின் தாளை அவர் பக்கம் திருப்பினேன். சற்று மேலும் கீழுமாகச் சிதறி, ஆனால் ஐயத்துக்கிடமின்றி, என் நேர்காணலில் நான் வரைந்த அதே வளைவு அங்கே இருந்தது.

"ஒருத்தன் உக்காந்த இடத்துல பொய் எழுதினா எப்படிவே எழுதுவான்?"

"திரையில் உள்ளதையே எழுதுவான் சார். அல்லது அதில் ஒன்றிரண்டு குறைப்பான். அல்லது பாதியாக்குவான்."

"எல்லாமே நேர்கோடு. இது வளையுது. நாலு மாசமா, மணிக்கு மணி, ரூட் போட்டுப் பொய் எழுத ஒரு ஆளு வேணும். இந்த ஆளு கணக்குல ஃபெயில்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீராவிக்கு ஒரு ரூட்தான் போடணும். இன்னொண்ணு எங்கிருந்தோ வந்திருக்கு."

பிறகு இழுப்பறையைத் திறந்து என் சோதனைத்தாளை எடுத்தார். நடுவிலிருந்த மூன்று எண்களையும் நெடுநேரம் பார்த்தார்.

"எட்டு புள்ளி ஸீரோ ஸீரோ. கருவிக்கு வாய்ப்பாடு தெரியாதுவே. அது எட்டு புள்ளி ஸீரோ ரெண்டும்பா, ஏழு புள்ளி ஒம்பத்தெட்டும்பா. இவ்வளவு அழகா அது படிச்சு நான் பாத்ததில்ல."

ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பென்சில் புள்ளி வைத்தார். மூன்று புள்ளிகள். தாளை என் முன் தள்ளினார்.

"அந்த ஆளைக் காப்பாத்த வரைபடம் போதும். இந்தத் தாள் வேண்டாம். இது உம்ம தாள். நீரே வச்சுக்கிடும்."

அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாப்பிட்டீரா என்று கேட்டார்.

மறுநாள் விசாரணை அறையில் ஆலை மேலாளரும் எச்.ஆர். மேலாளரும் ஒரு பக்கம். நாங்கள் இருவரும் எதிரே. ஏகாம்பரம் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மத்த ரெண்டு பேரும் கரெக்டா எழுதியிருக்காங்க. உங்க நம்பர் மட்டும் ஏன் இப்படி இருக்கு?" என்று மேலாளர் கேட்டார்.

"அவங்க எத்த பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாது சார். நான் படி எறங்கினேன். கண்ணாடில மிதவை எங்க நின்னுச்சோ அத்த எழுதினேன். தப்புன்னா அந்தக் கண்ணாடிய கூப்ட்டு கேளுங்க சார்."

வேதநாயகம் சார் வரைபடத்தை மேசையில் விரித்தார். இரண்டு நிமிடத்தில், ஓர் எண்ணையும் மிகைப்படுத்தாமல், இந்த மனிதரால் இந்த வளைவைப் புனைந்திருக்க முடியாது என்பதை நிறுவினார். மேலாளர் கூர்மையானவர், தாளை நெருங்கிப் பார்த்தார்.

"ரெண்டு முனையும் சரியா இருக்கு. நடுவுலதான் தப்பு. ஆனா டிரான்ஸ்மிட்டர் மாத்தும்போது அஞ்சு பாயிண்ட்டும் செக் பண்ணதா ரெக்கார்டு இருக்கே?"

வேதநாயகம் சார் கையிலிருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரான்ஸ்மிட்டர் பின்னால் பிசகியிருக்கலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அதை மறுக்க அறையில் எவராலும் இயலாது, வரைபடத்தாலும் இயலாது. அந்தச் சொற்றொடர் என் வாயில் முழுதாக அமைந்திருந்தது.

"முனைகள் இரண்டையும் பார்த்தோம்" என்றேன். "நடுவிலுள்ள மூன்றையும் பார்க்கவில்லை. நான் கணக்கிட்டு எழுதினேன். ஏகாம்பரம் அன்றே கேட்டார். நான் கேட்கவில்லை."

ஏகாம்பரம் அன்று முதன்முறையாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

குற்றப்பத்திரம் திரும்பப் பெறப்பட்டது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது ஓய்வு பெறும்வரை என் கோப்பில் இருந்தது, இருக்க வேண்டியதுதான். விசாரணை முடிந்து காண்டீன் பக்கம் நடக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னா சார் இது! நான் ஒரு நாளைக்கு எட்டு தபா எறங்கி ஏறி முட்டி தேஞ்சி எழுதறேன். நீங்க குந்தின எடத்துல எழுதிட்டீங்க. மாட்னது யாரு? நானு!"

நான் நின்றேன்.

"மன்னிச்சுக்கோங்க ஏகாம்பரம்" என்றேன். அதுவரை அவரை ஒருமையில்தான் அழைத்துவந்தேன்.

"ஐய, இத்த விடு சார். உள்ள நீங்க வாய தொறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. டீ சொல்லுங்க." இரண்டு வாய் குடித்தபின் ஐயத்துடன் கேட்டார்: "அப்ப நான் எழுதினது ரூட்டா சார்? பத்தாவதுல வராதது இப்ப வந்திருச்சா?"

சோதனை முடிந்து கொதிகலன் சூடேறிய அன்று, அமைப்பைத் திருத்தி, ஐந்து புள்ளிகளையும் ஏறியும் இறங்கியும் பார்த்தோம். கால் பங்கில் வாக்கி டாக்கி சொன்னது: "ஏழு புள்ளி ஒம்போது ஏழு... ஆடுது... ஒம்போது எட்டு. நின்னுச்சி. எழுதினீங்களா?" எழுதினேன் என்றேன். "பாத்து எழுதுனதா, கணக்கு போட்டு எழுதுனதா?"

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆண்டுதோறும் சோதனையின்போது கேட்டார். அவர் மகள் திருமணத்தில், பத்திரிகையில் என் பட்டங்களைத் தவறாக அச்சிட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியபோது, "நான் பாத்துதான் எழுதிக் குடுத்தேன் சார், பிரஸ்காரன் பாக்கல" என்றார். வேதநாயகம் சார் ஓய்வுபெற்று ஊருக்குப் போன அன்று, மிச்சமிருந்த வரைபடத்தாள்களை என்னிடம் கொடுத்தார். பக்கத்தில் நின்ற ஏகாம்பரம், "தாள சார்கிட்ட குடுங்க, ஆனா பென்சில எங்கிட்ட குடுங்க" என்றார். சார் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பென்சில் ஏகாம்பரத்துக்கே போனது. என் பிரிவுபசார விழாவில் புகழுரைகள் வாசிக்கப்பட்டபோது, கடைசி வரிசையிலிருந்து தெளிவாக ஒரு குரல் கேட்டது: "இதெல்லாம் பாத்து எழுதுனதா?" அந்த விழாவில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றே.

நீங்கள் மூவரும் என் வீட்டுக்கு வந்த வாரத்தில் ஏகாம்பரம் நுரையீரல் நோயால் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தார். ஆக்சிஜன் எந்திரம் ஒன்று கட்டில் அருகே ஓடிக்கொண்டிருந்தது. விரலில் மாட்டும் சிறு கருவியால் நாளுக்கு நான்கு முறை ஆக்சிஜனைப் பார்த்துக் குறித்து வைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். நான் காலையில் குன்றத்தூரிலிருந்து பஸ் ஏறி வல்லம் வடகாலுக்குப் போய், மாலை வரை இருந்து அந்தக் குறிப்பை எழுதினேன். ஒரு கோடிட்ட நோட்டில் நேரம், எண் என இரு பத்திகள். எழுத அவர் எனக்குக் கொடுத்தது வேதநாயகம் சாரின் பென்சில், பாதியாகத் தேய்ந்திருந்தது.

பதினோராம் நாள் முற்பகலில் அவர் மனைவி மல்லிகா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "சார், இன்னிக்கு மூச்சு ரொம்ப வாங்குது. கொறைவா இருந்தா அவர்கிட்ட சொல்லாதீங்க சார். தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லிடுங்க. தைரியமா இருப்பாரு." அவர் கேட்டதில் எந்தக் குறையும் இல்லை. நான் தலையசைத்துவிட்டு உள்ளே போனேன்.

கருவியை விரலில் மாட்டினேன். எண் வந்தது. தொண்ணூற்றைந்து என்னும் சொல் என் வாயில் முழுதாக அமைந்திருந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எவ்ளோ சார்?"

நான் நோட்டைப் பார்த்தேன்.

"பாத்ததா," என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார், "போட்டதா?"

"எண்பத்தொண்ணு" என்றேன். "இருங்க, ஆடுது. எண்பத்திரண்டு. நின்னுடுச்சு."

மல்லிகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏகாம்பரம் என் மணிக்கட்டில் கையை வைத்தார். "அப்ப சரி" என்றார். "பாத்துதான் சொல்றீங்க."

மருத்துவரை அழைத்து அந்த எண்ணைச் சொன்னேன். அரை மணியில் ஆம்புலன்ஸ் வந்தது. மூன்றாம் நாள் அவர் இறந்தார். காரியம் முடிந்தபின் மல்லிகா நோட்டை என்னிடம் கொடுத்தார். "நீங்களே வச்சிக்கோங்க சார். நான் சொன்னத நீங்க கேக்காதது நல்லதுதான். மூணு நாளும் பசங்கள ஒவ்வொருத்தரா கூப்ட்டு சொல்ல வேண்டியத சொல்லிட்டுதான் போனாரு." நாற்பத்தொரு எண்கள் அதில் இருக்கின்றன. அழகானது ஒன்றுமில்லை.

அதன்பின்னரே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். எழுதித் தந்துவிட்டேன், பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். பழைய அளவியைக் கழற்றும் முன், கடைசியாக ஒருமுறை ஐந்து புள்ளிகளையும் ஏறியும் இறங்கியும் சோதியுங்கள். உங்களில் ஒருவர் பம்புடன் அளவியருகே நில்லுங்கள். திரையின் முன் நான் நிற்கிறேன். என்ன எண் வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்கள் சொல்லாதீர்கள். அது ஆடி நிற்கும்வரை பார்த்துச் சொல்கிறேன்.